வில்வித்தை கோச் ஆக சர்டிஃபிகேட் வேணுமா? சேலம், ஏற்காடு பக்கம் இருக்கிறவங்களுக்கு

வணக்கம் மக்களே. "எனக்கு நல்லா அம்பு விடத் தெரியும், ஏற்காட்டுல ரிசார்ட்டுல ஆள் கேக்குறாங்க, சர்டிஃபிகேட் இல்லாம போலாமா?" இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம்.

சட்டம்னு பாத்தா, தனியார்ல வில்வித்தை சொல்லிக்கொடுக்க லைசென்ஸ்னு ஒண்ணு நம்ம நாட்டுல இல்லைங்க. ஆனா எங்க வேலைக்குப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. அரசாங்க கோச் வேலைன்னா பாட்டியாலாவுல இருக்கற தேசிய விளையாட்டு நிறுவனத்தோட (என்.ஐ.எஸ்.) டிப்ளமோவத்தான் முதல்ல கேப்பாங்க, அது ஒரு வருஷப் படிப்பு. அதே என்.ஐ.எஸ்.ல ஆறு வார சர்டிஃபிகேட் கோர்ஸும் உண்டு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டுப் போய் இன்டர்வியூல முழிக்காதீங்க. ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா நிரந்தரமா சேரணும்னா பி.பி.எட். மாதிரி உடற்கல்விப் படிப்பு வேணும், வில்வித்தை அதுக்கு மேல கூடுதல் தகுதி, அவ்ளோதான். அப்புறம் உலக வில்வித்தை அமைப்பான வேர்ல்டு ஆர்ச்சரியோட கோச் லெவல் 1, 2, 3. புதுசா கத்துக்கறவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க லெவல் 1 போதும். ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் முடிச்சு லேமினேட் போட்டுத் தர்ற பேப்பர்ல யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க. இந்திய வில்வித்தை சங்கமோ, மாநில சங்கமோ, என்.ஐ.எஸ்.ஸோ பின்னாடி இல்லைன்னா அது சுவத்துல மாட்டத்தான் ஆகும்.

ரிசார்ட், கேம்ப் பக்கம் பெரும்பாலும் பேப்பரே கேக்க மாட்டாங்க. அங்கதான் எனக்குப் பயம். ஏன்னா வர்றவங்க எல்லாரும் வாழ்க்கையில முதல் தடவையா வில்லைப் பிடிக்கிறவங்க.

முதல்ல விசில். ரெண்டு ஊதுனா அம்பு விடற லைனுக்கு வரணும், ஒண்ணு ஊதுனா விடலாம், மூணு ஊதுனா போய் அம்பு எடுக்கலாம். அஞ்சோ அதுக்கு மேலயோ தொடர்ந்து ஊதுனா அப்படியே நிறுத்தி, நாணுல இருக்கற அம்பைக் கழட்டிடணும். இதை வாயால சொன்னா பத்தாது, அம்பு இல்லாம ஒரு ரவுண்டு நடத்திக் காட்டுங்க. ஒரு கோச்சுக்கு ஆறு, எட்டுப் பேருக்கு மேல லைன்ல நிக்க வெக்காதீங்க. அம்பு எடுக்கப் போகும்போது ஓடக்கூடாது. ஒரு கையை பட் மேல, அதாவது டார்கெட்டை மாட்டியிருக்கற தடுப்பு மேல அழுத்தி, இன்னொரு கையால அம்பை டார்கெட்டை ஒட்டிப் பிடிச்சு, நேரா இழுக்கணும். இழுக்கறவங்களுக்குப் பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. அம்போட நாக் (நாணுல மாட்டற வால் முனை) கண்ணு உயரத்துக்கு வரும் பாருங்க, அதனாலதான்.

அடுத்து வில்லோட பவுண்டு, அதாவது இழுக்க எவ்ளோ பலம் வேணும்ங்கறது. இங்கதான் பாதிப் பேர் சொதப்புறாங்க. லிம்புல (வில்லோட வளையற கை) 20ன்னு எழுதியிருந்தா அது 28 இஞ்ச் இழுத்தாத்தான் 20. பத்து வயசுப் பையன் 24 இஞ்ச்தான் இழுப்பான், அவன் கைக்கு சுமாரா 14 பவுண்டுதான் வரும். பெரியவங்களுக்கு 18லிருந்து 22 போதும். ஜிம் பாடின்னு 35 கொடுத்தா என்ன ஆகும்? தோள் காதுக்கு ஏறும், உடம்பு பின்னாடி சாயும், அம்பு மேல பாக்கும். 20 பவுண்டு வில்லே மேல தூக்கி விட்டா நூறு மீட்டர் தாண்டிடும்ங்க.

இதனாலதான் ஏற்காட்டுல பட் வெக்கற இடம் ரொம்ப முக்கியம். மண் மேட்டைப் பாத்து வைங்க, பள்ளத்தாக்கு பக்கமோ காபி எஸ்டேட் பாதை பக்கமோ கூடவே கூடாது. காய் பறிக்கிறவங்க எந்த வரிசையில நிக்கறாங்கன்னு லைன்ல இருந்து தெரியாது. வலை மட்டும் நம்பாதீங்க. பனிமூட்டம் இறங்கி பட்டுக்குப் பின்னாடி தெளிவா தெரியலைன்னா செஷன் கேன்சல், மேனேஜர் என்ன சொன்னாலும் சரி.

கார்பன் அம்பா? ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் ரெண்டு முனையையும் பிடிச்சு, ஆள் இல்லாத பக்கமா லேசா வளைச்சு, காதுல கேளுங்க. 'கிறிச்'னு சத்தம் வந்தாலோ, விரல்ல சிலாம்பு தட்டுனாலோ அந்த அம்பு குப்பைக்கு. விரிசல் விட்ட கார்பன், விடும்போது உடைஞ்சு வில் பிடிச்ச கையிலயே ஏறும். நாக் வெடிச்சிருந்தாலும் அம்பை ஒதுக்குங்க, அது நாணுல இருந்து நழுவுனா வெறும் வில்லை இழுத்து விட்ட மாதிரிதான், லிம்ப் பிளந்துடும். சேலத்து மே மாச வெயில்ல வில்லை காருக்குள்ள போட்டு வெச்சாலும் லிம்ப் பசை விட்டுடும்.

அம்பு ரெஸ்ட்டுல (வில்லுல அம்பு உக்கார்ற இடம்) இருந்து விழுந்துட்டே இருந்தா, அம்போட நாக் பக்கத்தை விரலால கிள்றாங்கன்னு அர்த்தம். மூணு விரலையும் அம்புக்குக் கீழ வெக்கச் சொல்லுங்க, உடனே சரியாயிடும். நாண் முன்கையில அடிச்சுக் கன்னிப் போனா முழங்கை உள்பக்கம் திரும்பி நாண் போற வழியில நிக்குதுன்னு அர்த்தம். அதை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்க, ஆர்ம் கார்டு போட்டுக்கிட்டு அப்படியே தொடராதீங்க.

குழந்தைங்களைத் திருத்தும்போது தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, அப்பா அம்மா பாக்கற இடத்துல செய்யுங்க. போக்சோ சட்டம் கோச்சுக்கும் சேர்த்துத்தான். முடிஞ்ச வரைக்கும் வாயால சொல்லுங்க, இல்ல நீங்களே நின்னு காட்டுங்க.

ரிசார்ட்டுல சேரறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுடுங்க. விருந்தாளிக்கு விபத்து இன்சூரன்ஸ் யார் பேர்ல இருக்கு? செஷனை நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்கா? பழைய அம்பை மாத்த பணம் தருவீங்களா? ரெண்டாவதுக்கு பதில் எழுத்துல வரலைன்னா சேராதீங்க.