தட்டுல வளராத பாக்டீரியாவும் பீரோவுல பூட்டிக் கிடக்குற மைக்ராஸ்கோப்பும்

தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவங்களே, காலைல இருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிங்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்தின வார்டு உறுப்பினர் அக்காவுக்குத் தனியா ஒரு நன்றி.

மூணு விஷயம் பேச வந்திருக்கேன். கடல் பாக்டீரியா ஏன் லேப்ல வளர மாட்டேங்குது, அது யார் துணையில வாழுது, கடல் சூடானா அதுக்கு என்ன ஆகும். எங்க பாட்டி எதுக்கெடுத்தாலும் சொல்லும், தனி மரம் தோப்பாகாதுன்னு. அதை மனசுல வெச்சுக்கோங்க.

நோன்புக்குச் செய்வாங்களே கடல்பாசி, அதே அகார் ஜெல்லியைத் தட்டுல ஊத்தி, சத்து கலந்து, கடல் தண்ணி ஒரு சொட்டு விடுவாங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஒரு மில்லிலிட்டர்ல லட்சக்கணக்குல பாக்டீரியா தெரியும், ஆனா தட்டுல முளைக்கிறது நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. ப்ரோக்ளோரோகாக்கஸ்னு ஒரு கடல் பாக்டீரியா இருக்கு, 1988ல சாலி சிஸ்ஹோம்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானியோட குழு அறிவிச்சது. புண்ணுல ஊத்துனா நுரைக்குமே ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயில் படுற கடல் தண்ணில அது கொஞ்சம் உண்டாகும், இந்தப் பாக்டீரியாவுக்கு அது விஷம், அதை உடைக்கிற என்சைம் இதுகிட்ட கிடையாது. பக்கத்துல இருக்குற வேற பாக்டீரியாதான் உடைச்சுக் கொடுக்குது. தனி மரம் தோப்பாகாதுங்க!

இப்ப ஒரு கதை. 1998ல ஜொனாதன் ஸேர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி பசிபிக் கடல் தண்ணில ஒரு டிஎன்ஏ துண்டைக் கண்டுபிடிக்கிறார். காத்துல இருக்குற நைட்ரஜனை உரமா மாத்துற ஜீன் அது. யாரோடது? தெரியாது, வளர்க்கவும் முடியல. அதே நேரம் ஜப்பான்ல கொச்சி பல்கலைக்கழகத்துல கியோகோ ஹகினோன்னு ஒரு அம்மா, இவர் தேடுறதே தெரியாம, மைக்ராஸ்கோப்ல மட்டும் தெரியுற ஒத்தை செல் கடல் பாசி ஒண்ணை வளர்க்கப் பாடுபடுறாங்க. அந்தப் பாசி எப்படி இருக்கும் தெரியுமா, சுண்ணாம்பால ஆன ஐங்கோணத் தகடு 12, ஒண்ணோட ஒண்ணு இடுக்கில்லாம பொருந்தி ஒரு குட்டிப் பெட்டி மாதிரி. 300 தடவைக்கு மேல தண்ணி எடுக்கப் போனாங்க, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, போனாங்க, எடுத்தாங்க, செத்துப்போச்சு, திரும்பப் போனாங்க. கடைசில வளர்ந்துச்சு! பார்த்தா, ஸேர் தேடின ஆளு அந்தப் பாசிக்குள்ளயே குடியிருக்கு. பாசி செல் ரெண்டா பிரியும்போது அதுவும் கூடவே ரெண்டா பிரியுது, அதுக்கு வேண்டிய புரோட்டீன் பலதையும் பாசிதான் செஞ்சு அனுப்புது. 2024ல அது பாக்டீரியாவே இல்ல, செல்லோட உறுப்பாவே ஆயிடுச்சுன்னு சொல்லி நைட்ரோபிளாஸ்ட்னு பேர் வெச்சாங்க.

இந்த மாதிரி தேடலுக்கு முதல்ல வேண்டியது ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு மைக்ராஸ்கோப்பும்தான். நம்ம பள்ளிக்கூடத்துலயும் மைக்ராஸ்கோப் இருக்கு, பீரோவுல பூட்டி, துணி போர்த்தி. லென்ஸ் உடைஞ்சிடும்னு பயம், எனக்குப் புரியுது. ஆனா ஒரு பிள்ளை கூட அதுல கண்ணை வெச்சுப் பார்க்காம பத்தாவது முடிச்சுப் போகுதே, அது எனக்குத் தாங்கல. ரெண்டு வருஷமா கேக்குறேன், சனிக்கிழமை மட்டும் லேபைத் திறந்து விடுங்க. நான் ஒருத்தனே கேட்டா நடக்காது, தனி மரம் தோப்பாகாது, பெத்தவங்க நீங்க கேளுங்க.

மூணாவது விஷயத்துக்கு நேரமில்லைன்னு தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுறார். சரிங்கய்யா. வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பாட்டில் கடல் தண்ணியோட லேப் வாசல்ல நிப்பேன். அம்மா, சாவி உங்ககிட்டதான் இருக்கு.