கேட்டமரானுக்கு எதில் உடல் கட்டுவது?

வணக்கம் நேயர்களே. தூரப் பயணம் போகிற கேட்டமரானுக்கு, அதாவது இரண்டு உடல் சேர்த்துக் கட்டிய பாய்ப் படகுக்கு, எந்தப் பொருள் நல்லது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கிளம்புகிறவருக்கு என் பதில் பைபர்தான், அதாவது கண்ணாடி நாரை ரெசின் என்ற பசையில் ஊறவைத்து இறுக்கியது.

முதலில் பாரம். ஒற்றை உடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ இருந்து நிமிர்த்தி வைக்கும், கேட்டமரானை நிமிர்த்தி வைப்பது அதன் அகலம். உடல்கள் ஒடுக்கம் என்பதால் கொஞ்சம் பாரம் கூடினாலே தாழ்ந்துவிடும், ஓட்டம் குறையும், இரண்டையும் இணைக்கிற தளத்தின் அடியில் அலை வந்து அறையத் தொடங்கும். தண்ணீர், டீசல், அரிசி, நங்கூரச் சங்கிலி எல்லாம் ஏற்ற வேண்டிய படகை இரும்பில் கட்டுவது சரிவராது.

அலுமினியம் நல்ல சாமான். இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான், பாறையில் தட்டினாலும் நசுங்குமே தவிர லேசில் கிழியாது. ஆனால் 5083 என்ற ரகம் போன்ற கடல் அலுமினியத்தை ஒழுங்காக வெல்டிங் செய்கிற ஆள் எல்லாத் துறையிலும் கிடைக்கமாட்டார். செம்பு கலந்த அடிப் பெயின்ட் பூசக் கூடாது, வயரிங்கில் மின்சாரம் கசிந்தால் உடலையே அரித்துவிடும்.

மரத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் போய்ச் சேர்ந்தது. ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் 1955-56இல், தானே மரத்தில் கட்டிய 23½ அடி கேட்டமரானில் அத்திலாந்திக்கைத் தாண்டினார். ஆனால் மரத்தை மூடுகிற எபொக்சி என்ற ரெசின் பூச்சில் கீறல் விழுந்து கவனிக்காமல் விட்டால், எங்கள் வெக்கைக்கு உள்ளே உக்கிவிடும்.

பைபர் அப்படியில்லை. முகத்துவாரம், பேருவளை, திருகோணமலை எங்கே போனாலும் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை பைபர், அதைத் திருத்தத் தெரிந்த ஆளும், மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பும், ரெசினும் பக்கத்திலேயே இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே, பைபர் அடுக்குகளுக்கு நடுவில் ஃபோம், மரம் என்று ஒன்றும் வைக்காமல் முழுப் பைபராகக் கட்டுங்கள், வெளி அடுக்குக்கு வினைல் எஸ்டர் என்ற ரெசின் போட்டால் தண்ணீர் ஊறிக் கொப்புளம் வருவது வெகுவாகக் குறையும். நீர்மட்டத்துக்கு மேலேயும், மேல்தளமான டெக்கிலும், நடுவில் பிவிசி ஃபோம் என்ற இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை வைத்தால் பாரம் குறையும். டெக்கைக் கறுப்பாகவோ கடும் நீலமாகவோ பூசாதீர்கள், எங்கள் வெயிலில் சூடேறி அந்த ஃபோம் இளகும். வெள்ளையே போதும்.

சிலர் பால்சா என்ற இலேசான மரத்தை நடுவில் வைப்பார்கள், உறுதிதான், அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் டெக்கில் கம்பி நட ஒரு துளை போட்டாலே அதன் வழி தண்ணீர் ஊறி ஊறி உள்ளே பரவும், வெளியில் ஒன்றுமே தெரியாது. அதனால் துளையைப் பெரிதாகப் போட்டு, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, தடிப்பாகக் குழைத்த எபொக்சியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் ஆணி அளவுக்குத் திரும்பத் துளைக்க வேண்டும். மெனக்கெட்ட வேலைதான், தவிர்க்க வழியில்லை. ஃபோம் டெக்கிலும் இதைச் செய்யுங்கள். அப்புறம், ஈரக்காற்றில் இறுகிய எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் ஒட்டாது.

பழைய படகு வாங்குகிறவர்கள் சின்னச் சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்று ஒலித்தால் அந்த இடத்து ஆணி ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தால் விலை பேசவே வேண்டாம்.