ஔவையின் இரண்டு வேல்கள்

(வேலூரில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அதிகாரத்தையும் போரையும் கவிஞர்கள் எவ்வாறு சொல்லில் கொண்டுவந்தார்கள் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன் எனக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டு நம்மை நோக்கிப் பாடப்பட்டது என்பதே அதற்குக் காரணம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூதாக அனுப்புகிறான். நாம் கூடியிருக்கும் இந்தப் பாலாற்றங்கரை தொண்டைநாட்டு மண். ஆகவே அந்தத் தூதுச் சொல்லைக் கேட்க வேண்டிய பக்கத்தில் இருப்பவர்கள் நாம்.

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் அதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வே’ என்று தொடங்குகிறார். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற அரண்மனையில் இருக்கின்றன. அடுத்து ‘அவ்வே’ என்கிறார். அவை பகைவரைக் குத்தியதால் பக்கமும் நுனியும் சிதைந்து, கொல்லனுடைய பட்டறையில், ஒரு சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பாட்டில் வசவு இல்லை, மிரட்டல் இல்லை, ‘உன்னால் வெல்ல முடியாது’ என்ற ஒரு சொல்கூட இல்லை. இரண்டு சுட்டுச் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. எது இவை, எது அவை என்பதைக்கூட அவர் உடனே சொல்வதில்லை. ‘வைந்நுதி வேலே’, அதாவது அதியமானின் கூர்நுனி வேல், என்று பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் வேல் வெளிப்படுகிறது. அதுவரை தொண்டைமான் காத்திருக்க வேண்டும். ஓர் அரசனைக் கடைசிச் சொல் வரையில் காக்க வைத்த வாக்கியம் அது.

கொல்லன் பட்டறையை நேரில் கண்டவர்களுக்கு இந்தப் பாட்டு இன்னும் நெருக்கமாகும். வாய் மழுங்கிய அரிவாளும் நுனி உடைந்த கடப்பாரையும் உலைக்கு அருகே, கரியும் சாம்பலுமாக ஒரு மூலையில் குவிந்திருக்கும். அழகாக ஒன்றும் இராது. ஆனால் அங்கே கிடப்பவை நேற்றுவரை வேலை செய்தவை, நாளை மறுபடி வேலைக்குப் போகப்போகிறவை. பளபளப்பு என்பது வேலையில்லாமையின் அடையாளம் என்று ஔவையார் சொல்லாமல் சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் பாட்டைத் தொகுத்தவர்கள் இதற்கு இட்ட துறையின், அதாவது பாடுபொருள் வகையின், பெயர் வாண்மங்கலம்: அரசனின் வாளை வாழ்த்துவது!

அரசனின் முன்னால் நின்ற நம் புலவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் கைக்கொண்டார்கள் என்பது என் துணிபு. குரலை உயர்த்தாமல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். தீர்ப்பைக் கேட்பவனிடம் விட்டுவிடுவார்கள். ஒரே சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது புலவர் கோவூர்கிழார் செய்ததும் அதுவே. உன்னோடு போரிடுபவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன், வேப்பந்தார் அணிந்த பாண்டியனும் அல்லன். உன் தலைமாலையும் ஆத்தி, அவன் தலைமாலையும் ஆத்தி. ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே’, யார் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், என்றார். போரை நிறுத்தச் சொல்லும் பாட்டுக்குத் துணைவஞ்சி என்று தனித் துறையே வகுத்த இலக்கண மரபு நம்முடையது. இதை நம் மாணவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன்.

அதே கோவூர்கிழாரின் 46ஆம் பாட்டை என்னால் கலங்காமல் படிக்க முடிந்ததில்லை. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் ஆணையிட்டிருக்கிறான். ‘நீயே’ ஒரு புறாவுக்காகத் துயருற்றவன் வழியில் வந்தவன். ‘இவரே’ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகிர்ந்து உண்டவர் மரபினர். அதன்பின் அரசனின் பார்வையைக் குழந்தைகளின் பக்கம் திருப்புகிறார். மன்றத்தின் புதுமையைக் கண்டு மருண்டு நிற்கிறார்கள். யானையைக் கண்டதும், அதுவரை அழுத அழுகையை மறந்துவிட்டார்கள். தம்மைக் கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்! இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘கேட்டனை யாயின், நீ வேட்டது செய்ம்மே’ என்று முடிக்கிறார். கேட்டுவிட்டாய், இனி நீ விரும்பியதைச் செய். அதிகாரத்தை அரசனின் கையிலேயே திருப்பி வைத்த அந்தச் சொல்லுக்குப் பிறகு அவனால் விரும்பியதைச் செய்ய முடியவில்லை. பாட்டின் அடிக்குறிப்பு, புலவர் ‘பாடி உய்யக்கொண்டது’ என்கிறது.

நம் வேலூர்க் கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் அங்கே கிழக்கிந்தியக் கும்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், தோல் சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்கச் செய்தது. ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அவர்களை அடக்கியது. அந்த நாளைப் பற்றி நாம் படிப்பவை பெரும்பாலும் கும்பெனி அதிகாரிகளின் கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும்தான். அவற்றில் அது கலகம். இன்று நம் வாயில் புரட்சி. ஒரே நாள், ஒரே கோட்டை. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. ‘இவ்வே’, ‘அவ்வே’ என்ற ஔவையின் சுட்டு இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஏட்டுக்கு வெளியிலும் இந்த மரபு உண்டு. நம் வட ஆர்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைக் குவித்து மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்திருப்பார்கள். தொடை பிளக்கப்படும், பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் பல ஊர்களில் காந்தாரியும் வந்து அந்த மண்ணுருவின் அருகே ஒப்பாரி வைப்பாள். நீதி வென்ற அதே களத்தில், தோற்றவனின் தாய்க்கும் நம் ஊர்க் கூத்து பாட்டைக் கொடுத்திருக்கிறது.

மறுபடியும் ஔவையாரிடமே வருகிறேன். தொண்டைமானிடம் அதியமானின் வேலைப் பெருமையோடு சுட்டிக் காட்டியவர், 235ஆம் பாட்டிலும் ஒரு வேலைப் பாடுகிறார். இம்முறை அது அதியமானின் மார்பைத் துளைத்த வேல். அது பாணர்களின் அகன்ற உண்கலத்தைத் துளைத்தது, இரப்பவர் கைகளின் ஊடாகப் போனது, அவனால் காக்கப்பட்ட சுற்றத்தாரின் கண்ணின் பாவையை ஒளி மழுங்கச் செய்தது. கடைசியில் நுண்ணிய சொல்லை ஆராயும் ‘புலவர் நாவில்’ சென்று விழுந்தது என்கிறார். முதல் பாட்டில் ‘இல்லாயின் உடனுண்ணும்’, அதாவது இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு சேர்ந்து உண்ணும், என்று அவர் போற்றிய தலைவன் இங்கே இல்லை. ‘இனிப் பாடுநரும் இல்லை’ என்று சொல்லும் ஔவையார், அதையும் ஒரு பாட்டாகத்தான் சொல்கிறார்.