இறைச்சிக் கப்பலை நிறுத்தும் நோய்

(நாமக்கல்லில் கால்நடை மருத்துவ மாணவர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் வருகை தந்து இம்மன்றத்தைச் சிறப்பித்திருக்கும் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, எனக்கு நோய்க்குறியியல் கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருந்தகை அவர்களே, கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணைச் சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய கூட்டுறவுப் பால் சங்கத் தலைவர் அவர்கள் ஊர்ப் பசுக்களின் நிலையைக் கண் கலங்கும்படி எடுத்துரைத்தார்கள். நான் சொல்லவிருப்பதற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் நாடு விட்டு நாடு செல்வதைத் தீர்மானிப்பவை எவை என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மூன்று வாயில்களைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன்: ஒன்று வரி, மற்றொன்று தீவன மருந்து விதிகள், மூன்றாவது நோய்.

வரி என்பது பேசித் தீர்க்கக்கூடியது. அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தென் கொரியா விதித்திருந்த 40 விழுக்காட்டு வரி, 2012-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் குறைந்து 15 ஆண்டுகளில் மறையும்படி வகுக்கப்பட்டது. ஜப்பான் பன்றி இறைச்சிக்கு ஒரு வாயில் விலையை நிர்ணயித்து, அதற்குக் கீழான விலையில் வரும் சரக்குக்கு அந்த வேறுபாட்டையே வரியாக வாங்குகிறது. அதனால் இறக்குமதியாளர்கள் விலை உயர்ந்த துண்டுகளையும் மலிவான துண்டுகளையும் கலந்து சராசரி விலையை உயர்த்திக்கொள்கிறார்கள். தீவன மருந்து விதிகளிலோ சண்டை நீளும். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா 1989-இல் தடுத்தது தொடர்பான வழக்கு உலக வணிக அமைப்பு வரை சென்றது. தசையைப் பெருக்கக் கொடுக்கும் ராக்டோபமைன் என்னும் தீவனச் சேர்பொருள் இறைச்சியில் எவ்வளவு தங்கலாம் என்ற எச்ச அளவை, உலக உணவுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2012-இல் வகுத்தபோது ஆதரவு 69, எதிர்ப்பு 67. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. மூன்றாவது வாயிலுக்கு வருகிறேன், ஏனெனில் என் நாற்பது ஆண்டு அனுபவம் அங்கேதான் இருக்கிறது.

'ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்' என்பார் என் பாட்டி. மாடு, ஆடு, பன்றிகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போடும் கோமாரி நோய்க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. தைவானை எண்ணிப் பாருங்கள். 1990-களின் நடுவில் ஜப்பான் வாங்கிய பன்றி இறைச்சியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சிறு தீவிலிருந்து சென்றது. 1997 மார்ச்சில் கோமாரி கண்டறியப்பட்டவுடன் ஏற்றுமதி நின்றது. நாற்பது இலட்சம் அளவில் பன்றிகள் மடிந்தன அல்லது கொல்லப்பட்டன. தடுப்பூசி தேவைப்படாத, நோயற்ற நாடு என்ற தகுதி 2020-இல்தான் அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது.

பிரிட்டனின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2001 பிப்ரவரியில் எசெக்ஸ் பகுதியிலுள்ள ஓர் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளங்களை ஒரு மருத்துவர் கண்டார். தடம் பிடித்துக்கொண்டே போனால், வடகோடியில் நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை. எச்சில் உணவையும் சமையலறைக் கழிவையும் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பன்றிக்குப் போட வேண்டும் என்பது அன்றைய விதி. அங்கே அது கடைப்பிடிக்கப்படவில்லை. மாடு நோயைக் காட்டிக்கொடுக்கும், ஆடு மறைத்து வைக்கும், பன்றியோ மூச்சுக்கு மூச்சு அதைப் பெருக்கிக் காற்றில் விடும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். கொப்புளத்தைக் கண்டறிவதற்குள் ஆட்டுச் சந்தைகள் வழியாக நோய் நாடெங்கும் போய்விட்டிருந்தது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். குவியல் குவியலாக எரியும் உடல்களின் புகையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மே 3-இல் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல்கள் ஜூன் 7-க்குத் தள்ளிப்போயின. பொதுத் தேர்தலும் அந்நாளிலேயே நடந்தது. டெவன் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் மந்தை முழுவதையும் கொன்று போட்டுச் சென்ற பிறகு, ஏறத்தாழ ஐந்து நாள் கழித்து, செத்துக் கிடந்த தாயின் அருகே ஒரு வெள்ளைக் கன்று உயிரோடு இருந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத கன்று அது. ஃபீனிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். விதிப்படி அதையும் கொல்ல வேண்டும், மக்கள் பொறுக்கவில்லை. அரசு தன் கொலைக் கொள்கையைத் தளர்த்தியது, கன்று பிழைத்தது. அந்த ஒரு கன்றுக்காகக் கண்ணீர் விட்ட மக்களை நான் வணங்குகிறேன். ஆனால் அதற்கு முன்பே எரிந்து போனவை எத்தனை கன்றுகள்! ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்.

இந்த வணிக விதிகளின் பிறப்பிலேயே நம் மாடுகளுக்குப் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள் 1920-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைக் கடந்தபோது அங்கே மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவியது. அந்த அச்சத்தில்தான் 28 நாடுகள் கூடி 1924-இல் பாரிசில் உலக விலங்குநல அமைப்பைத் தோற்றுவித்தன. இன்று ஒரு நாட்டின் இறைச்சி கப்பலேறுமா என்பது அந்த அமைப்பு தரும் நோயற்ற தகுதியைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. பிரேசிலின் இறைச்சி மந்தைகளில் பெரும்பகுதியாக விளங்கும் நெலோரே இனம், பழைய சென்னை மாகாணத்து ஓங்கோல் மாட்டின் வழித்தோன்றல். அந்த நாடு 2025 மே மாதத்தில், தடுப்பூசி இல்லாமலே கோமாரியற்ற நாடு என்ற தகுதியைப் பெற்றுவிட்டது.

நம் நிலை என்ன? பசு, காளை, கன்று ஆகியவற்றின் இறைச்சியை நாம் ஏற்றுமதி செய்வதில்லை. வெளியே செல்வது எலும்பு நீக்கி உறைய வைத்த எருமை இறைச்சி. இறைச்சியைப் பதப்படுத்தி வைக்கும்போது தசையில் ஊறும் அமிலம் கோமாரிக் கிருமியை அழிக்கும். எலும்பு மச்சையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் அது தங்கிவிடும். ஆகவே அவற்றை நீக்கியே அனுப்புகிறோம். அவ்வளவு செய்தும், கோமாரி இங்கே இன்னும் ஒழியாததால் ஜப்பான், தென் கொரியா, அமெரிக்கா ஆகியவற்றின் கதவுகள் நமக்குத் திறப்பதில்லை. உலகின் பெரிய ஏற்றுமதியாளர்களுள் ஒருவராக இருந்தும் வியட்நாம், மலேசியா, எகிப்து போன்ற சந்தைகளில் மலிவு விலைக்கே விற்கிறோம். நாமக்கல்லுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கோ வடக்கே பறவைக் காய்ச்சல் வந்தால் இங்கே முட்டை தேங்குவதை அனுபவித்தவர்கள் நீங்கள்.

வெக்கை நோயை நாம் ஒழித்தோம். 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் வைத்திருக்கும் மாநிலம் இது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரி ஊசி இலவசம், காதில் 12 இலக்க எண்ணும் இடப்படுகிறது. 2030-க்குள் ஒழிப்பதே இலக்கு. ஆனால் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் மாட்டுத் தொழுவம் வரை வந்து சேர வேண்டும். மதிய வெயிலில் ஐஸ் கரைந்துபோன பெட்டியோடு மலையடிவாரத்தில் நான் நின்ற நாட்கள் உண்டு. அந்த மருந்தைப் போட்டேன் என்று பதிவேட்டில் எழுதலாம். மாட்டுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

ஆகவே ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் மின்தடையிலும் குளிர் காக்கும் பெட்டி ஒன்று, ஊசி போட்டபின் இரத்த மாதிரி எடுத்து எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க ஓர் ஏற்பாடு, சந்தைக்கு வரும் மாட்டின் காது எண்ணைப் பார்த்த பிறகே உள்ளே விடும் நடைமுறை ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அதன் படி விழாத் தலைவர் அவர்களிடம் உள்ளது. ஆட்சித் தலைவர் அவர்கள் இன்றே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். கையொப்பத் தாள்கள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் மாட்டின் காது எண்ணையும் பெயருக்கு அருகில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.