அக்கரைச் சந்தைக்கு டெல்டாவின் சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையில் உள்ள காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல். பயணிகள் கப்பல் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நாச்சியார்கோயிலில் வார்த்த குத்துவிளக்கு யாழ்ப்பாணத்துக் கோயிலுக்குச் சரக்காகப் போக வேண்டுமென்றால் லாரியில் தூத்துக்குடி, அங்கிருந்து கன்டெய்னரில் கொழும்பு, மறுபடியும் லாரியில் வடக்கே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் என்று சுற்றிக்கொண்டுதான் போகிறது. இந்தச் சுற்றைக் குறைக்க வேண்டும், இரு நாட்டு வியாபாரத்தை வளர்க்க வேண்டும் என்று பாடுபடுகிற வணிகத் தலைவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தம் காலத்தை எதில் செலவிட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. மாலை, மேடை, ரிப்பன் வெட்டுவதெல்லாம் அதில் மிகச் சின்னப் பங்கு.

இந்த வரிசையில் முதலில் நினைவுக்கு வருபவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908இல் அவர் சிறை சென்றார். 1911இல் கம்பெனியே கலைந்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணப் போட்டியும் அரசின் கெடுபிடியும் எல்லாரும் அறிந்த காரணங்கள். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் சொல்லலாம். கப்பல் வாங்குவது ஒரு முறை செய்கிற வேலை. அதற்கு வாராவாரம் ஆளும் சரக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஓயாத வேலை. சேர்த்துக் கொடுத்தவர் உள்ளே போனதும் கப்பல் தள்ளாடியது.

இனி நம் டெல்டாவுக்கு வருவோம். இலங்கைக்கு என்ன விற்கலாம் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அரிசி என்பார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். நம் சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடைக்கு வருகின்றன. அவர்களுடைய பெரும்போகம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நம் குறுவை செப்டம்பர், அக்டோபரில் என்றால் அவர்களுடைய சிறுபோகம் ஆகஸ்ட், செப்டம்பரில். நம் களம் நிறையும்போது அவர்கள் களமும் நிறைகிறது. அவர்களுக்கு அரிசித் தட்டுப்பாடு வருவது நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. அந்த நேரத்தில் நம் சம்பா வயலில் நிற்கும். நாகைக் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல் பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16இல்தான் மறுபடி ஓடியது. கொந்தளிப்பில் கப்பல் ஒதுங்க மறைவில்லாத திறந்த கரை நம்முடையது.

ஆகவே இலங்கைக்கு அரிசி விற்கிறவர் அறுவடையை நம்பி விற்க முடியாது. இருப்பு வைத்துத்தான் விற்க வேண்டும். இருப்பு வைத்தாலும் அவர்கள் கதவு எப்போது திறக்கும் என்பது அவர்கள் வர்த்தமானியை, அதாவது அரசிதழைப் பொறுத்தது. 2024 டிசம்பரில் தட்டுப்பாடு வந்தபோது தனியார் இறக்குமதிக்குச் சில வாரம்தான் அனுமதித்தார்கள், அதுவும் கிலோவுக்கு 65 இலங்கை ரூபாய் வரியோடு. நம் பக்கமும் குறைவில்லை. 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. இரண்டும் 2024 செப்டம்பர், அக்டோபரில்தான் நீங்கின. வெங்காயம் இன்னும் மோசம். 40 சதவீத வரி, பிறகு முழுத் தடை, நடுவில் இலங்கைக்கு மட்டும் 10,000 டன் விதிவிலக்கு, மறுபடி வரி என்று போய் 2025 ஏப்ரல் 1இல்தான் வரி நீங்கியது. இந்த ஆட்டத்தில் சிறு வியாபாரி தாக்குப்பிடிக்க மாட்டார். ஒப்பந்தம் போடும்போதே, அரசாணையால் சரக்கு நின்றால் முன்பணம் யாருக்கு, கிடங்கு வாடகை யாருக்கு என்று ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனையைப் பொதுவாக வரைந்து எல்லாருக்கும் கொடுப்பது வணிகர் சங்கத்தின் வேலை.

அரிசி அனுப்பியே தீருவேன் என்பவருக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று ஈரம். குறுவை நெல் மழையில் வரும்போது ஈரப்பதம் 20 சதவீதத்தையும் தாண்டும். அரிசியாகக் கட்டும்போது அது 14க்குள் இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஓர் இரவுதானே என்று அலட்சியம் வேண்டாம். கப்பல் ஏறுமுன் இங்கே யார்டிலும், இறங்கிய பின் அங்கே யார்டிலும் கன்டெய்னர் நாள்கணக்கில் வெயிலில் நிற்கிறது. பகலில் அரிசியிலிருந்து கிளம்பும் ஆவி இரவில் கூரைத் தகட்டில் நீராகி மேல் அடுக்கு மூட்டையில் சொட்டும். பூஞ்சணம் பிடிப்பது அந்த அடுக்கில்தான். பக்கச் சுவருக்கும் கூரைக்கும் கிராஃப்ட் தாள் கட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட வேண்டும்.

இரண்டாவது, புகையூட்டல். அலுமினியம் பாஸ்பைடு மூன்று கிராம் மாத்திரை டன்னுக்கு மூன்று, ஐந்து முதல் ஏழு நாள் மூட்டம் என்பது வழக்கமான அளவு. இது கொடிய விஷம். உரிமம் பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று இரண்டு நாளில் பிரித்தால் வளர்ந்த வண்டு சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பும். கொழும்பில் மூட்டை பிரிக்கும்போது உயிரோடு வண்டு நடக்கும்.

சரி, அதே மழை, அதே பயிர் என்றால் வேறு எதை விற்பது? வித்தியாசம் நிலத்தில் இல்லாதபோது கைவேலையில் தேட வேண்டும். நாச்சியார்கோயில் விளக்கு, சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலை, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், தஞ்சாவூர் வீணை என்று நம்மிடம் இருப்பவை அங்கே கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேண்டியவை. காலமும் ஒத்துப்போகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஆடி, ஆவணியை ஒட்டி வருகிறது. மற்ற கோயில் விழாக்கள் பலவும் சித்திரையிலிருந்தே தொடங்கிவிடும். கடல் ஓரளவு அடங்கியிருக்கும் மாதங்கள் அவை. தை மாதமே ஆர்டர் பிடித்தால் பங்குனிக்குள் வார்த்து முடித்து அனுப்பலாம்.

இதில் எங்கே சிக்குகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். விளக்கை இங்கே வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைப்பது பழைய வழக்கம். கும்பகோணத்திலிருந்து கோயம்புத்தூர் போக அது போதும். நாடு கடக்கும்போது வைக்கோல் தாவரப் பொருள், பூச்சியும் விதையும் ஒளிந்துவரும் இடம். அங்கே தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரி பெட்டியைத் திறந்து வைக்கோலைக் கண்டால் பொருள் எவ்வளவு நல்லதானாலும் நிறுத்தி வைப்பார். நுரைத்தாள், அட்டைக் கூடு, காகிதத் துண்டு என்று மாற்ற வேண்டும். பெட்டி மரமாக இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, அதற்கான கோதுமைக்கதிர் முத்திரையை அங்கீகாரம் பெற்றவர் குத்தியிருக்க வேண்டும். முத்திரை உள்ள பெட்டிக்கு உள்ளே முத்திரை இல்லாத பச்சை மரத்தில் இரண்டு முட்டுக்கட்டை அடித்துவிட்டு மாட்டிக்கொள்வது சர்வசாதாரணம். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்தால் இந்தத் தொல்லையே இல்லை, முட்டுக்கட்டையும் ஒட்டுப்பலகையாக இருக்கும்வரை.

சுவாமிமலைச் சிலைக்கு வேறு வழக்கு. 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலைதான் என்றாலும் சுங்கத்தில் அது புதிது என்று யார் சொல்வது? இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்று வாங்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த படம், உயரம், எடை, ஸ்தபதியின் பில் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பெட்டியில் அடைத்து ஆணி அடித்த பிறகு விண்ணப்பிக்கிறவர் பெட்டியை மறுபடி பிரிக்க நேரும். வாங்குகிறவர் ஆசைப்பட்டார் என்று மருந்து பூசிப் பழமைத் தோற்றம் கொடுத்த சிலைக்குக் கேள்வி கூடும், நாளும் கூடும். கோயில் குடமுழுக்கு தேதி குறித்துவிட்டுச் சிலைக்குக் காத்திருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தவில், நாகஸ்வரத்தில் மரமும் தோலும் வருவதால், அங்கே முன் அனுமதி தேவையா என்று இறக்குமதியாளரையே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரிச் சலுகை. இந்திய இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் வரி இல்லை என்று நினைத்துக்கொள்வது தப்பு. சலுகை தராத பொருள்களுக்கு இரு நாட்டுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. இலங்கையின் பட்டியல் மிக நீளம், விவசாயப் பொருள்கள் பலவும் அதில் அடங்கும். சலுகை உண்டு என்றாலும் பொருள் இங்கே உருவானது என்று நிரூபிக்க வேண்டும். கணக்கு இப்படி: கப்பலேற்றும் விலை 100 ரூபாய் என்றால், வெளிநாட்டிலிருந்து வந்த மூலப்பொருள் 65 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதோடு சுங்கப் பட்டியலில் மூலப்பொருளுக்கு உள்ள வகை எண்ணும் செய்த பொருளின் எண்ணும் நான்கு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். நாச்சியார்கோயில் பட்டறை இறக்குமதிப் பித்தளைக் கழிவை உருக்கினால் அதன் பில் முதல் கொண்டு எடுத்து வைக்க வேண்டும். குத்துவிளக்கை விளக்கு என்ற எண்ணில் போடுவதா, பித்தளைப் பொருள் என்ற எண்ணில் போடுவதா என்பதை இரு பக்க கிளியரிங் ஏஜென்ட்களும் பேசி ஒன்றாக முடிவு செய்ய வேண்டும். இங்கே ஓர் எண், அங்கே ஓர் எண் என்றால் பிறப்பிடச் சான்று வெறும் காகிதம்.

இந்த விதிகள் கடுமையாக இருப்பதற்கு வரலாறு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வரி வித்தியாசத்தைக் குறிவைத்து இலங்கையில் வனஸ்பதி ஆலைகளும் செம்பு ஆலைகளும் முளைத்தன. வேறு நாட்டு எண்ணெயும் செம்புக் கழிவும் இலங்கைச் சரக்காக இங்கே வந்து இறங்கின. மிளகிலும் இதே புகார் எழுந்து, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. ஒப்பந்தத்தில் ஓட்டை தேடியவர்கள் லாபம் பார்த்தார்கள். நேர்மையாகச் செய்தவர்கள் காகிதம் சுமக்கிறார்கள்.

பணம் வாங்குவதில் ஒரு நுணுக்கம். எல்.சி.யில், அதாவது வாங்குபவருக்காக அவர் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தில், ‘25 டன்’ என்று எழுதியிருந்தால் ஐந்து சதவீதம் கூடக் குறைய அனுப்பலாம், தொகை மட்டும் மீறக் கூடாது. ‘50 கிலோ மூட்டை 500’ என்று எழுதியிருந்தால் ஒரு மூட்டை குறைந்தாலும் வங்கி ஆவணத்தைத் திருப்பும். கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். எல்.சி.யில் வேறு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தக் கட்டணம் உங்கள் தலையில். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் தெரிந்த ஆள், கடனுக்குக் கொடுக்கலாம் என்பவர்கள் இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பார்க்க வேண்டும். நாணயமான இறக்குமதியாளர்களே அன்று டாலர் கிடைக்காமல் திண்டாடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாயிலேயே கணக்குத் தீர்க்க வழி செய்தது. உங்கள் வங்கிக் கிளைக்குத் தெரியாவிட்டால் அந்நியச் செலாவணிக் கிளைக்குப் போங்கள். கடன் காப்பீட்டுக்கு மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி. இருக்கிறது, ஆனால் சரக்கு போகுமுன் வாங்குபவருக்கான கடன் வரம்பை வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது தலைவருக்கு வருகிறேன். ஒரு பட்டறைக்காரரால் இருபதடிக் கன்டெய்னரை நிரப்ப முடியாது. நான்கு பெட்டி அனுப்பும் அவருக்குப் பகுதிச் சரக்குக் கட்டணமும் ஆவணச் செலவும் லாபத்தைத் தின்றுவிடும். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் சங்கங்கள் சேர்ந்து மாதம் ஒரு தேதி குறித்து ஒரே கன்டெய்னரில் பத்துப் பேருடைய சரக்கை ஏற்றினால் செலவு பங்காகும். ஆனால் ஒருவருடைய பெட்டியில் வைக்கோல் இருந்தால் பத்துப் பேருடைய சரக்கும் நிற்கும். அதனால் ஏற்றும் இடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். முகம் கோணாமல் ‘இது போகாது’ என்று சொல்ல வேண்டும். தலைவருக்கு உள்ள கடினமான வேலை இதுதான். திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு எது, எதனால் என்று ஒரு பேரேடு வைத்தாலே அடுத்தவர் அதே குழியில் விழமாட்டார்.

இன்னொன்று, திரும்புசரக்கு. நாகையில் சரக்குக் கப்பல் விடுங்கள் என்று மனுக் கொடுப்பதில் தவறில்லை. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா மானியம் தருவதை 2024 டிசம்பர் இந்திய இலங்கைக் கூட்டறிக்கையே சொல்கிறது. ஆனால் கப்பல்காரர் முதலில் கேட்பது, வரும்போது என்ன ஏற்றுவேன் என்றுதான். காலியாகத் திரும்பினால் போகும் கட்டணமே இரட்டிப்பாகும். கிராம்பு, பட்டை, மிளகு வரலாம். உணவுப் பொருள் இங்கே இறங்கும்போது அதன் ஆயுட்காலத்தில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அதுவாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. பாக்குக்கு 2023இலிருந்து கிலோ 351 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை. ஆகவே மனுவோடு, எந்த மாதம் எத்தனை டன் போகும், எத்தனை டன் வரும், யார் பெயரில் என்று கையெழுத்திட்ட பட்டியலையும் இணைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வணிகர் கழகத்தோடு உட்கார்ந்தால்தான் அந்தப் பட்டியலின் மறுபாதி கிடைக்கும்.

உட்கார நல்ல நேரம் ஜனவரி. யாழ்ப்பாணத்தில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி அந்த மாதம் நடக்கிறது. மாதிரிப் பொருள் கொண்டுபோகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தை வாங்கிக்கொண்டால் அங்கே வரி கட்டாமல் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். இங்கே அதை வழங்குவது ஃபிக்கி என்ற இந்திய வணிகத் தொழிற்சபைகளின் கூட்டமைப்பு. போகும்போதும் வரும்போதும் நான்கு இடத்திலும் சுங்க முத்திரை விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று விடுபட்டாலும் பொருளை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். விற்க ஆசை வந்தால் கார்னெட்டில் வந்த விளக்கைத் தொடாதீர்கள், ஆர்டர் மட்டும் எழுதி வாங்குங்கள்.

வணக்கம்.