கடுகளவு மணி

நேயர்களுக்கு வணக்கம். நம் புதுவை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் நிற்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து மேசை, நாற்காலி, கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் நான் உங்களை நிற்கச் சொல்வது, பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்.

நான் அரியாங்குப்பத்தில் வளர்ந்தவன். மழை விட்டதும் அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் மண் கரைந்து, கடுகளவு மணிகள் தலைகாட்டும். கருஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். உள்ளங்கையில் எச்சில் தொட்டுத்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு சிறிசு. ஆயாவிடம் காட்டினால், "எந்தப் புள்ள அறுத்துப் போட்டதோ, கொண்டுபோய் அங்கேயே போட்டுடு" என்பார்கள். அந்தப் பிள்ளை எந்தக் காலத்துப் பிள்ளை என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த மணி எப்படி உருவாகிறது தெரியுமா? உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுப்பார்கள். முறுக்கை உடைப்பதுபோல் குழலைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய முனை கையைக் கிழிக்குமே! அதனால் துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குவார்கள். முனை மழுங்கி உருண்டுவிடும். பெட்டியில் இருப்பதை உற்றுப் பாருங்கள், கூர் முனையே இருக்காது. இதே வகை மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன.

இவ்வளவு கதை இருக்கிறது. ஆனால் நான் பார்த்த கண்காட்சிகள் பலவற்றில் 'மணிகள்' என்று ஒரு சீட்டோடு முடித்துவிடுகிறார்கள். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று நல்ல தமிழில் நாலு வரி எழுதி வைத்தால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். இதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: நாலு வரி போதும்.

பெட்டிக்குள் போய்விட்டால் பொருளின் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1944-இல் ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ஒரு ரோமானிய மதுச்சாடியின் துண்டைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு வந்தார். இங்கே நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளில் இத்தாலியில் செய்த சிவப்புப் பாண்டத் துண்டுகளைக் கண்டார். அந்தப் பாண்டத்தின் காலம் முன்பே தெரியும். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அதோடு சேர்ந்து கிடைத்த நம் பானைகளுக்கும் காலம் தெரிந்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கே பிடிமானம் கிடைத்தது. எல்லாம் அலமாரியில் கிடந்த ஒரு ஓட்டுத் துண்டால்!

நேரமாகிவிட்டது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 முதல் 1761 வரை இந்த ஊரின் நடப்பைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். அவர் வாழ்ந்த வீடு ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது, காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வணக்கம்.