சாவுக்குப் போக முடியாத ஊர்

வணக்கம் நேயர்களே. ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குப் போன கதை என்றால் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது இன்றைக்கு நியூயார்க் நகரத்தின் வடக்கு ஓரத்தில், பிராங்ஸின் உட்லான் பகுதியிலும் அதை ஒட்டிய மெக்லீன் அவென்யூவிலும் கையில் சரியான பேப்பர் இல்லாமல் வாழும் ஐரிஷ்காரர்களைப் பற்றி.

அந்தக் காலத்தில் அயர்லாந்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை கப்பலேறுவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் ஊரே கூடும், பாட்டும் ஆட்டமும் குடியுமாக நேரம் போகும், விடியும்போது அழுகை. அதை அமெரிக்கன் வேக் என்பார்கள், நம் வார்த்தையில் சொன்னால் அமெரிக்க இழவு. போகிறவர் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்ததால், செத்தவருக்கு ராத்திரி முழுக்கக் கண்விழிப்பதுபோல உயிரோடு இருக்கிற பிள்ளைக்கே கண்விழித்தார்கள். விமானம் வந்த பிறகு இதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. நினைத்தால் ஊருக்குப் போய்வரலாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பிரிவு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1980-களில் அயர்லாந்தில் வேலை இல்லை, இளைஞர்கள் சுற்றுலா விசாவில் வந்து அப்படியே தங்கினார்கள். 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் மாரிசன் விசா என்று சுமார் 48,000 பேருக்கு முறைப்படி தங்க வழி கிடைத்தது, கிடைக்காதவர்கள் கட்டட வேலை, மதுக்கடை, பிள்ளை பார்க்கும் வேலை என்று காலம் தள்ளினார்கள். 1996-இல் இன்னொரு சட்டம் வந்தது. விசா இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டுக் கிளம்பினால், 10 வருடம் திரும்பி வர முடியாது. கவனியுங்கள், கிளம்பினால்தான் இந்தத் தண்டனை. இப்படி ஒரு சட்டம் போட்டால் யார் கிளம்புவார்கள்?

2001 செப்டம்பருக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. எல்லையில் கைரேகை, 2005-இல் ரியல் ஐடி என்ற அடையாள அட்டைச் சட்டம், ஓட்டுநர் உரிமத்துக்குக் கெடுபிடி. காலையில் சைட்டுக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டிய கொத்தனாருக்கு உரிமம் இல்லை என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். (நியூயார்க் மாநிலம் 2019-இல்தான் சட்டம் போட்டு உரிமத்தைத் திரும்பக் கொடுத்தது.) டப்ளின், ஷானன் விமான நிலையங்களிலேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து சோதிக்கிறார்கள், அதாவது அமெரிக்க எல்லை அயர்லாந்து மண்ணுக்கே வந்துவிட்டது.

இதற்கு நடுவே 1990-களில் பன்னாட்டு நிறுவனங்கள் அயர்லாந்தில் கடை விரித்து, ஊரில் வேலை பெருகி, பலர் வீடு திரும்பினார்கள். 2008-இல் அதெல்லாம் சரிந்து மறுபடி இளைஞர்கள் கிளம்பினார்கள், ஆனால் இந்தத் தடவை நிறையப் பேர் சிட்னி, பெர்த், டொராண்டோ பக்கம் போனார்கள், அங்கே இளைஞர்களுக்கு முறையான வேலை விசா கிடைத்தது. பிராங்ஸில் பழைய ஆட்களுக்கு வயதாகிறது, அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வருவது குறைந்துபோனது.

2018-இல், அமெரிக்கா ஆஸ்திரேலியர்களுக்கென்று ஒதுக்கிய வேலை விசாக்களில் அவர்கள் பயன்படுத்தாமல் மிச்சம் விடுவதை ஐரிஷ்காரர்களுக்குக் கொடுக்க ஒரு மசோதா வந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறி, மேலவையில் ஒரே ஒரு உறுப்பினரின் மறுப்பால் நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதே சமயம், வெள்ளைத் தோலும் வாஷிங்டனில் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் கதவு கேட்பதை என் மனசு ஒப்பவில்லை. அதே சாரத்தில் பக்கத்தில் நின்று செங்கல் வைக்கிற எக்வடார்காரருக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள் அல்லவா?

இப்போது அயர்லாந்தில் நிறைய தேவாலயங்களில் கேமரா வைத்து, அடக்கப் பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். வரமுடியாத பிள்ளைகள் அதில்தான் பார்க்கிறார்கள். மேயோ மாவட்டத்தில் காலை 11 மணிக்குப் பூசை என்றால் பிராங்ஸில் காலை 6 மணி. அம்மாவின் பெட்டியைத் தூக்குவதைப் போனில் பார்த்துவிட்டு, 7 மணிக்கு சைட்டில் நிற்க வேண்டும்.